‘தேரா மன்னா’ பேச்ச மேடைக்குத் தயார் பண்றது எப்படி: நடிக்க வர்றவங்களுக்கு முழு வழிகாட்டி

சிலப்பதிகாரம் மதுரைக் காண்டத்துல வழக்குரை காதை, அதுல பாண்டியன் சபையில கண்ணகி பேசுற 14 அடி. ‘தேரா மன்னா செப்புவது உடையேன்’ல ஆரம்பிச்சு ‘கண்ணகி என்பதுஎன் பெயரே’ல முடியும். சேலத்துல காலேஜ் போட்டி, ஆண்டு விழா, நாடகக் குழு ஆடிஷன்னு எங்க போனாலும் யாராச்சும் ஒருத்தர் இத எடுத்துட்டு வந்துடுறாங்க. ஆனா பெரும்பாலானவங்க தயார் பண்ற வரிசை தலைகீழா இருக்கு. மொதல்ல கோவத்த வரவழைக்கிறாங்க, அப்புறம் மனப்பாடம், கடைசில நேரம் இருந்தா அர்த்தம். இந்த வரிசைய திருப்பிப் போட்டாலே பாதி வேலை முடிஞ்சிரும். செய்யுளுக்குள்ள வாக்கியம் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு கண்டுபிடிச்சிட்டா மூச்சு, பார்வை, கோவம் எல்லாம் அதுலருந்தே வரும், தனியா தேட வேண்டியதில்ல.

போட்டிக்கு முந்தின வாரம் இதப் படிச்சு பிரயோஜனம் இல்ல, குறைஞ்சது மூணு வாரம் கையில வெச்சுக்கோங்க.

1. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

மூலப்பாட்டு ரெண்டு விதமா வேணும், புணர்ச்சியோட சேர்த்து அச்சடிச்சது ஒண்ணு, சீர் பிரிச்சது ஒண்ணு. பிரிச்சது அர்த்தம் புரியறதுக்கு, சேர்ந்தது வாயில பேசறதுக்கு. ரெண்டும் ஏன் வேணும்னு 5-ஆவது படில தெரியும். பதிப்புக்குப் பதிப்பு ஒண்ணு ரெண்டு எழுத்து மாறும், அதனால ஒரு பதிப்ப எடுத்தா கடைசி வரைக்கும் அதையே வெச்சுக்கோங்க, நடுவுல மாத்துனா மேடையில ரெண்டும் கலந்து வாய் தடுமாறும்.

உரைக்கு ந.மு. வேங்கடசாமி நாட்டார் உரையே போதும். புத்தகம் கிடைக்கலன்னா தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்துல மூலமும் உரையும் இலவசமாவே இருக்கு. 14 அடிய மட்டும் எடுக்காம காதை முழுசையும் ஒரு தடவ படிங்க, அதிகபட்சம் ஒரு மணி நேரம் ஆகும்.

அப்புறம் அடிக்கு அடி நல்லா இடம் விட்டு பெரிய எழுத்துல ரெண்டு ஜெராக்ஸ், ஒரு பென்சில், ரெக்கார்டு பண்ண போன். கூடவே பாண்டியனா நின்னு கேக்குறதுக்கு ஒரு ஆள் கண்டிப்பா வேணும். அவருக்கு நடிப்பு தெரியணும்னு இல்ல, முகத்தப் பாத்து நின்னா போதும். சிலம்பு பத்தி 8-ல சொல்றேன், ஆனா தேடறத இப்பவே ஆரம்பிச்சிருங்க.

2. முதல் வாரம் சத்தமா பேசாதீங்க

இத யார்கிட்ட சொன்னாலும் நம்ப மாட்டேங்கிறாங்க. புதுசா வர்றவங்க முதல் நாளே முழுக் குரல்ல ‘தேரா மன்னா’ன்னு அடிச்சு ஆரம்பிக்கிறாங்க, அந்தத் தொனி பெரும்பாலும் சினிமாவுலயோ பட்டிமன்றத்துலயோ கேட்டது. ஒரு தடவ அந்த ராகம் வாயில ஒட்டிக்கிச்சுன்னா அர்த்தம் புரிஞ்ச பிறகும் நாக்கு அந்த ராகத்துக்கே போகும், பிரிச்செடுக்கிறது ரொம்பக் கஷ்டம். அதனால முதல் வாரம் உக்காந்து, பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கேட்டா போதும்ங்கிற குரல்ல மட்டும் படிங்க. மத்தவங்க பேசுன வீடியோவையும் அந்த வாரம் தொடாதீங்க.

3. நம்ம பேச்சுல சொல்லிப் பாருங்க

உரைய படிச்சிட்டு புத்தகத்த மூடி வெச்சிட்டு, வீட்டுல பேசுற தமிழ்ல முழு விஷயத்தையும் சொல்லணும். எழுதக் கூடாது, வாயாலதான் சொல்லணும். கிட்டத்தட்ட இப்படி வரும்:

‘யோசிச்சுப் பாக்காத ராசாவே, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். ஒரு புறாவோட துன்பத்த, தேவருங்களே அசந்து போற மாதிரி தீத்து வெச்சவன் ஒருத்தன். இன்னொருத்தன், வாசல் மணியோட நாக்கு நடுங்க, பசுவோட கடைக்கண்ணுல வழிஞ்ச தண்ணி நெஞ்சச் சுட, தவமிருந்து பெத்த மவனையே தேர்ச்சக்கரத்துல கொன்னவன். அவங்க ஊரு புகாரு, அதான் என் ஊரு. அந்த ஊருல பேரு கெடாத மாசாத்துவான் மவனாப் பொறந்து, பொழைக்கலாம்னு, விதி தொரத்த, உன் ஊருக்கு வந்து, என் கால் சிலம்ப விக்கப் போயி, உன்னால கொலையுண்ட கோவலனோட பொண்டாட்டி. கண்ணகிங்கிறது என் பேரு.’

எங்க நீங்க திக்குறீங்களோ அந்த இடத்துல அர்த்தம் இன்னும் பிடிபடலன்னு அர்த்தம். நிறைய பேரு திக்குற இடம் ‘மாசாத்து வாணிகன் மகனை ஆகி, வாழ்தல் வேண்டி, ஊழ்வினை துரப்ப’. இதெல்லாம் யாரப் பத்தி? கோவலனப் பத்தி. ஆனா மேடையில பாத்தா பொண்ணுங்க ‘வாழ்தல் வேண்டி’ன்னு சொல்லும்போது தன் நெஞ்சத் தொட்டு தன் கதையாட்டம் பேசுவாங்க. இல்லைங்க, அவ தன் புருஷன வர்ணிச்சிட்டு இருக்கா, பொழைக்க ஆசப்பட்டது அவன், ஊருக்குள்ள நுழைஞ்சது அவன், சிலம்ப விக்கப் போனதும் அவன். கை தன் நெஞ்சுக்குப் போக வேண்டிய இடம் ‘என்காற் சிலம்பு’ வரைக்கும் வரவே இல்ல.

4. எந்தக் கேள்விக்கு இது பதில்?

தனியா மேடைக்கு வர்றதால இது சொற்பொழிவு மாதிரி ஆயிடுது. உண்மையில இது ஒரு கேள்விக்குப் பதில். பாண்டியன் கேக்குறான்: ‘நீர்வார் கண்ணை எம்முன் வந்தோய் யாரையோ நீ மடக்கொடியோய்’. கண்ணுல தண்ணியோட வந்து நிக்கிறியே, யாரும்மா நீ? கேக்குறவன் இரக்கமாத்தான் கேக்குறான். கொலை செஞ்சது தப்புன்னே அவனுக்கு அந்த நேரம் தெரியாது.

கேட்டது ‘யார் நீ’. அவ பதில்ல பேரு எத்தனாவதா வருது பாருங்க. மொதல்ல ஊரோட ராஜாக்கள், அப்புறம் ஊரு, அப்புறம் மாமனாரு, அப்புறம் புருஷன், அவன் எப்படிச் செத்தான், அதுக்கும் பின்னாடி கடைசி அடியிலதான் தன் பேரு. ஒரு வரில சொல்லக்கூடிய பதில 14-ஆவது அடி வரைக்கும் தள்ளிப் போடுறா. நடிக்கிறவங்களுக்கு இதுதான் பெரிய பிடிமானம், முதல் அடிலருந்தே கடைசி அடி உங்க கண்ணு முன்னாடி இருக்கணும், பேர நோக்கி நடந்துட்டே இருக்கணும்.

அதனால ரிகர்சல்ல ஒவ்வொரு தடவையும் கூட இருக்கற ஆள் அந்தக் கேள்வியக் கேக்கணும், கேட்ட பிறகுதான் நீங்க ஆரம்பிக்கணும். போட்டில அந்த ஆள் இருக்க மாட்டாரு, பரவால்ல, அந்தக் குரல் உங்க காதுல இருக்கும்.

5. வாக்கியத்தப் பிரிச்சு பென்சில்ல கோடு போடுங்க

இந்தப் படிக்கு ரெண்டு மூணு நாள் ஒதுக்குங்க. செய்யுள்ல அடி முடியற இடமும் வாக்கியம் முடியற இடமும் ஒண்ணு கிடையாது. இந்த 14 அடிக்குள்ள உண்மையிலயே வாக்கியம் முடியறது மூணே இடத்துல. ‘செப்புவது உடையேன்’ ஒண்ணு, ‘புகார்என் பதியே’ ரெண்டு, ‘கண்ணகி என்பதுஎன் பெயரே’ மூணு. இந்த மூணுக்கு மட்டும் ரெட்டைக் கோடு போடுங்க. மத்த எங்கயும் குரல் இறங்கி உக்காரக் கூடாது.

இப்ப புணர்ச்சியோட இருக்கற பிரதிய எடுங்க. அடி முடியற இடத்துல சில சொல்லுக்குப் பின்னாடி ஒரு ஒற்று தொங்கிட்டு இருக்கும்: ‘இமையவர் வியப்பப்’, ‘ஊழ்வினை துரப்பச்’, ‘நின்பாற்’. அந்த ப், ச், ற் எல்லாம் அடுத்த அடியோட முதல் எழுத்தால வந்தது. வியப்பப் புள்ளுறு, துரப்பச் சூழ்கழல், நின்பாற் கொலைக்கள. அதாவது இங்க நிக்காதே, அடுத்த அடிக்குப் போன்னு எழுத்தே சொல்லுது. பிரிச்ச பதிப்புல மட்டும் படிச்சவங்களுக்கு இந்த ஒற்று சில நேரம் கண்ணுலயே படாது, அவங்க ஒவ்வொரு அடி கடைசியிலயும் நின்னு நின்னு பேசுவாங்க, கேக்குறவங்களுக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருக்கும்.

மூச்சு எங்க எடுக்கறதுன்னு நான் பசங்களுக்குப் போட்டுக் கொடுக்கிற கோடு இது. ‘தீர்த்தோன்’ முடிஞ்சதும் ஒரு மூச்சு. ‘அன்றியும் வாயிற் கடைமணி நடுநா நடுங்க’ முடிஞ்சு ஒரு சின்ன மூச்சு. அடுத்து ‘ஆவின் கடைமணி’லருந்து ‘ஆழியின் மடித்தோன்’ வரைக்கும் ஒரே மூச்சு. இது நீளம், இந்தப் பகுதியிலயே கஷ்டமான இடம் இதுதான். சுத்தி இருக்கற அடியெல்லாம் நாலு சீரோட நிக்க, ‘ஆவின் கடைமணி உகுநீர் நெஞ்சுசுடத் தான்தன்’ அஞ்சாவது சீருக்கு வழிஞ்சு போகுது. அந்த வழியறத சரிபண்ண அவசரப்படாதீங்க, பசுவோட கண்ணீர் பேசுற அடியே தளும்பி நிக்கிது, அப்படியே விடுங்க.

மூணாவது வாக்கியத்துல ‘மகனை ஆகி’ பின்னாடி ஒண்ணு, ‘சூழ்கழல் மன்னா’ பின்னாடி ஒண்ணு, ‘பகர்தல் வேண்டி’ பின்னாடி ஒண்ணு. அதுக்கப்புறம் ‘நின்பாற் கொலைக்களப் பட்ட கோவலன் மனைவி’ உடையவே கூடாது. ‘நின்பாற்’னா உன்னால. குற்றச்சாட்டு மொத்தமும் அந்த ஒரு சொல்லுல இருக்கு, அத அடி கடைசில தொலைச்சிடுறவங்கதான் அதிகம்.

உங்க மூச்சு வேற மாதிரி இருந்தா கோட்ட மாத்திக்கலாம், ஆனா ரெட்டைக் கோடு மூணையும் மாத்தாதீங்க.

6. நாக்குப் பயிற்சி

நம்ம பக்கம் பேச்சுல ழ, ள, ல மூணும் கலந்து போறது சகஜம், பேசும்போது யாரும் குறை சொல்லப் போறதில்ல. ஆனா இந்த 14 அடில ‘ஊழ்வினை’, ‘சூழ்கழல்’, ‘ஆழியின்’, ‘வாழ்தல்’னு ழகரம் குவிஞ்சு கிடக்கு, ‘கொலைக்களப் பட்ட’வுல ல பக்கத்துலயே ள வருது. ‘கொலைக்கலப் பட்ட’ன்னு சொன்னா கொலை நடந்த எடம் பாத்திரமா மாறிடும். இந்தச் சொல்ல மட்டும் தனியா எடுத்து மெதுவா, நாக்கு எங்க படுதுன்னு கவனிச்சு சொல்லிப் பழகுங்க. வேகம் கடைசில வரட்டும். ‘அரும்பெறற் புதல்வனை’ல ற் முழுங்கிடாம வரணும், ‘புள்ளுறு புன்கண்’ல ண் முடிவு காதுல விழணும். கிசுகிசுன்னு சொல்லி ரெக்கார்டு பண்ணிக் கேளுங்க, குரல் இல்லாதப்ப மெய்யெழுத்துங்க தப்பிக்க முடியாது.

கூத்து பாத்து வளர்ந்த பசங்க சேலம் சுத்துவட்டாரத்துல நிறைய. அவங்களுக்குக் குரல் வளம், தாங்குற சக்தி ரெண்டும் இயல்பாவே இருக்கு, அது பெரிய சொத்து. ஒண்ணு மட்டும் கவனிக்கணும், கூத்துல அடி முடிவ இழுத்து விட்டா பின்பாட்டுக்காரர் அத வாங்கிக்குவாரு. இங்க வாங்கிக்க ஆள் இல்ல. இந்தப் பாட்டு ஆசிரியப்பாங்கிற பா வகை, அதோட ஓசை அகவல், ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட எடுத்துச் சொல்ற பேச்சுக்குப் பக்கத்துல இருக்கற ஓசை, அதனால இழுக்காம அடுத்த அடிக்குத் தள்ளிட்டுப் போங்க.

7. இப்ப மனப்பாடம்

இவ்வளவு வேலை பண்ணதுல பாதி ஏற்கனவே மனசுல ஏறியிருக்கும். மிச்சத்துக்கு எதுகையப் பிடிச்சுக்கோங்க: எள்ளறு, புள்ளுறு, அரும்பெறல், பெரும்பெயர், ஏசா, மாசாத்து, வாழ்தல், சூழ்கழல். ஒரு அடி ஞாபகம் வந்தா ரெண்டாவது எழுத்து அடுத்த அடிய இழுத்துட்டு வந்துடும். கடைசி வாக்கியத்துலருந்து ஆரம்பிச்சு பின்னாடி வாங்க, கடைசி அடிதான் ரொம்பப் பழகினதா இருக்கணும், பதட்டத்துல மனசு காலியாகுறது பெரும்பாலும் முடிவு பக்கம்தான் நடக்கும். வீடு பெருக்கும்போது, பஸ்ல நின்னுட்டு வரும்போது எல்லாம் ராகமில்லாம சொல்லிட்டே இருங்க. கூட்டத்துல நின்னு சொல்றப்ப தடுமாறலன்னா மேடையிலயும் தடுமாறாது.

8. சிலம்பு, உடம்பு, உடுப்பு

சேலத்துல கொலுசுக்குப் பஞ்சமே இல்ல, செவ்வாப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வெள்ளிப் பட்டறைங்க இருக்கற ஊரு. அதனாலயே பல பேரு சலங்கை வெச்ச கொலுச எடுத்துட்டு வந்துடுறாங்க. அது ஆகாது. கதையில வர்ற சிலம்பு உள்ள குழலா இருக்கும், அதுக்குள்ள பரல் கிடக்கும். அவளோடதுல மாணிக்கப் பரல், அரசியோடதுல முத்துப் பரல், வழக்கே அதுலதான் முடியுது. பட்டறை கொலுச உடைச்சா ஒண்ணும் தெறிக்காது. பூசாரிங்க கையில வெச்சு குலுக்குற கைச்சிலம்பு ஒண்ணு வாங்கிக்கோங்க, கனமும் சத்தமும் அதுல கிடைக்கும். ரிகர்சல் தொடங்குற நாள்லருந்து அது கையில இருக்கட்டும். கனம் பழகாத கை மேடையில சும்மா ஆடும், தேவையில்லாம சத்தம் வரும்.

கையில ஒரே ஒரு சிலம்பு. கண்ணகி வாயில்காவலன்கிட்டயே ‘சிலம்பு ஒன்று ஏந்திய கையள்’னுதான் தன்னச் சொல்லி அனுப்புறா. கொண்டு வந்த இந்தச் சிலம்ப பேச்சு முடிவுல தரையில அடிச்சு உடைக்கிறவங்கள ஒவ்வொரு போட்டிலயும் பாக்குறேன். அது தப்பு. அவ உடைக்கிறது பாண்டியன்கிட்ட இருக்கற சிலம்ப, கோவலன்கிட்டருந்து பறிச்சத. ‘தருகெனத் தந்து தான்முன் வைப்ப’ன்னு அரசன் அத வரவழைச்சு முன்னாடி வெச்ச பிறகுதான் உடைக்கிறா. தன் கையில இருக்கறத உடைச்சா எதையும் நிரூபிக்க முடியாதே. அதோட உடைக்கிறது இந்த 14 அடிக்குள்ள நடக்கவும் இல்ல, அடுத்த பேச்சுக்குப் பின்னாடிதான். அதனால உங்க கையில இருக்கறது பத்திரமா கையிலயே இருக்கணும்.

‘சூழ்கழல் மன்னா’ன்னு கூப்பிடும்போது அவ கண்ணு அரசனோட கால்ல இருக்கற கழலுக்குப் போகலாம், அடுத்த அடியிலயே ‘என்காற் சிலம்பு’ வருது. அவன் கால்ல இருக்கற ஆபரணத்தப் பாத்துட்டு தன் கையில இருக்கற சிலம்பப் பாக்குறது, கை தூக்கிக் காட்டறதவிட எவ்வளவோ மேல். சிலம்ப முகத்துக்கு மேல தூக்கிட்டு நிக்கிற சிலை மாதிரி போஸ் வேண்டாம், தூக்குன கை இறங்க எடமில்லாம கடைசி வரைக்கும் அங்கயே மாட்டிக்கும்.

உடுப்புக்கும் காதையே கணக்குக் கொடுத்திருக்கு. கடைசில வர்ற வெண்பா ‘மெய்யிற் பொடியும் விரித்த கருங்குழலும் கையில் தனிச்சிலம்பும் கண்ணீரும்’னு ஆரம்பிக்கும். உடம்புல புழுதி, அவிழ்ந்த கூந்தல், ஒத்தச் சிலம்பு, கண்ணீர். பட்டுப்புடவையும் நெத்திச்சுட்டியும் எங்கயும் இல்ல. சாதாரண நூல் புடவை போதும்.

9. கோவத்த எப்ப சேர்க்கறது

இப்பதான். இத்தன நாள் தள்ளிப் போட்டதுக்குக் காரணம், கோவம் எங்க இருக்குன்னு இப்பதான் தெரியும். புறாவுக்காக ஒருத்தன், பசுவுக்காக ஒருத்தன். அப்போ என் புருஷன் உசுருக்கு? அந்தக் கேள்விய அவ வாயால கேக்கவே இல்ல, அரசன் மனசுல எழும்பட்டும்னு விட்டுடுறா. முதல் ஏழு அடியவும் கத்துனா அந்தக் கேள்வி எழும்ப எடமே கிடைக்காது. புறாவையும் பசுவையும் நீங்க கண்ணால பாக்கணும், மெதுவா, தெளிவா. ‘வாழ்தல் வேண்டி’ வரும்போது குரல் இளகலாம், இருக்கறதுலயே மென்மையான எடம் அதுதான். ‘நின்பாற்’ல இறுகணும். அழுகை வந்தா வரட்டும், ஆனா சொல்லு கேக்கணும், அவ வழக்குச் சொல்ல வந்தவ.

10. எங்க நின்னு பழகறது

ஏற்காடு போய் மலை உச்சில நின்னு பேசிப் பழகலாம்னு ஆசப்படுவாங்க. போங்க, மனசுக்கு நல்லாருக்கும், ஆனா குரல் பயிற்சிக்கு வெட்டவெளி சரியில்ல. பேசுனது எதுலயும் பட்டுத் திரும்பி வராததால காதுக்குக் குறைவா கேக்கும், உடனே தொண்டையப் பிடிச்சு கத்த ஆரம்பிச்சிடுவீங்க. பனி மூடுன காலை நேரத்துல அந்தக் குளிர்ல முழுக் குரல எடுத்தா தொண்டை கட்டிக்கும். முதல்ல வாய மூடி ஹம்மிங் பண்ணி, வெந்நீர் குடிச்சு, அரை மணி நேரம் கழிச்சு பேசுங்க.

கீழ சேலத்துல ஒரு காலி வகுப்பறை போதும். பாண்டியன் ஆள கடைசி பெஞ்சுல உக்கார வெச்சு, அவருக்கு ‘நின்பாற்’ கேட்டுச்சான்னு மட்டும் கேளுங்க. போட்டில மைக் இருந்தா ஒரு சாண் தள்ளி நில்லுங்க, ‘புள்ளுறு புன்கண்’ல வர்ற ப மைக்குல வெடிக்கும்.

11. முடிவுல என்ன பண்றது

‘பெயரே’ன்னு சொன்னதும் தலை குனியறது, கும்பிடறது, சட்டுனு இறங்கிப் போறது எதுவும் வேண்டாம். பாண்டியன் இன்னும் பதில் சொல்லல. ‘கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று’ன்னு அவன் சொல்லப் போறான். அந்தப் பதிலுக்காக அவன் முகத்தப் பாத்துட்டே நில்லுங்க, ஒரு முழு மூச்சு உள்ள போய் வெளிய வர்ற நேரம். ரிகர்சல்ல உங்க பாண்டியன் ஆள அந்த வரிய நிஜமாவே சொல்லச் சொல்லுங்க, சில நாள் உடனே, சில நாள் நல்லா தாமதிச்சு. எப்ப வரும்னு தெரியாம காத்திருந்து பழகுனா போட்டில அவர் இல்லாதப்பவும் நிக்கத் தெரியும். அதுக்கப்புறம் கும்பிட்டுட்டு இறங்கலாம்.